எடை குறைக்க இருக்கும் உபவாசத்தில் கடவுளுக்கு என்ன வேலை?

பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

தாத்தா காலத்தில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பெங்களூரு வந்த சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். மான்யதா டெக் பார்க்கில் வேலை. மே மாதம் கல்யாணம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அத்தை, “முகம் லட்சணமா இருக்கு, உடம்பு மட்டும் கொஞ்சம் குறைஞ்சா போட்டோவுக்கு நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த வாரமே சபையின் பெண்கள் ஐக்கியத்தில் 40 நாள் ‘உபவாச சவால்’ ஆரம்பித்தது. காலையும் மதியமும் சாப்பாடு கிடையாது. சனிக்கிழமைதோறும் எடை பார்த்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். குறைந்தவருக்குக் கைதட்டல், குறையாதவருக்கு ஜெபம். 40 நாள் முடிந்தபோது மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள், இவர் நிறுத்தவில்லை. இப்போது ஐந்து மாதமாகிறது.

பகல் முழுக்கப் பால் சேர்க்காத காப்பி. ராத்திரி வீடு தூங்கியபின், சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி, மீந்த சோறு, குழம்பு, பிரெட், கிறிஸ்துமஸுக்குச் செய்து டின்னில் வைத்த கல்கல் பலகாரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிறார். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறார். வாரத்தில் மூன்று நாலு தடவை இது நடக்கிறது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ஹெப்பாளில் பஸ்ஸில் நிற்கும்போது ஒருநாள் கண் இருட்டிவிட்டது. இரண்டு மாதமாகக் கோயிலில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) எடுக்கவில்லை. ‘போஜனப்பிரியை’ அதைத் தொடக்கூடாது என்று தானாகவே முடிவு செய்துவிட்டார். கல்யாண பிளவுஸை அளவில் இரண்டு அங்குலம் குறைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார்.

மூன்று கேள்விகள் கேட்கிறார். இந்தப் பெருந்தீனிப் பாவத்திலிருந்து விடுபட இச்சையடக்கம் எப்படி வரும்? கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்ல வேண்டுமா? கல்யாணம்வரை பாதுகாப்பான ஒரு டயட் தர முடியுமா?

அக்கா என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் ஒளிக்காமல் பேசுகிறேன். உங்கள் எடையையும் அது எவ்வளவு குறைந்தது என்பதையும் கடிதத்தில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றைக்கூட இங்கே போடவில்லை. இதைப் படிக்கும் இன்னொரு பெண் தன் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் டாக்டர், இந்த வாரமே

மற்றதெல்லாம் பிறகு. வாரத்தில் மூன்று நாலு தடவை வாந்தி எடுக்கும் உடம்பில் பொட்டாசியம் குறையலாம். குறைந்தால் இதயத் துடிப்பின் தாளம் கெடும். இது வெளியில் தெரியாது. முகம் பளிச்சென்றுதான் இருக்கும். ஒரு பொது மருத்துவரிடம் போய், “சாப்பிடாமல் இருக்கிறேன், அப்புறம் நிறையச் சாப்பிட்டு வாந்தி எடுக்கிறேன், மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை” என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ரத்தத்தில் உப்புகளின் அளவு, ரத்தசோகை, தைராய்டு, இ.சி.ஜி. எல்லாம் பார்ப்பார்கள். மாதவிலக்கு நின்றால் கர்ப்பப் பரிசோதனையும் வழக்கமாகச் செய்வதுதான்; அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடை பார்க்கும்போது முள்ளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “எண்ணை என்னிடம் சொல்ல வேண்டாம்” என்று கேட்கலாம்.

நெஞ்சு படபடத்தாலோ, மயங்கி விழுந்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று: வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள். அமிலம் பட்டு மிருதுவான எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

நீங்கள் எழுதியிருப்பதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: புலிமியா. நேரில் பார்க்காமல் நான் முத்திரை குத்தக்கூடாது. ஆனால் அந்தப் பெயரை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன். ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது, “நான் அந்த அளவுக்கு மெலியவில்லையே” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த உடல்வாகிலும் வரும். சிகிச்சையும் உண்டு.

பகலில் பட்டினி, ராத்திரியில் பிரிட்ஜ்

இச்சையடக்கம் இல்லாததால்தான் ராத்திரி சாப்பிடுகிறேன் என்கிறீர்கள். நான் தலைகீழாகப் பார்க்கிறேன். பகல் முழுக்கக் காப்பியில் ஓட்டுகிற அளவுக்கு உங்களிடம் கட்டுப்பாடு இருக்கிறது. அந்தப் பட்டினிதான் ராத்திரி உங்களைப் பிரிட்ஜுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மறுத்தவர்கள் அவர்கள். குவேக்கர், மென்னோனைட், பிரதரன் சபைக்காரர்கள் பலர். போரில் நொந்துபோன ஐரோப்பாவின் பசித்த ஜனங்களை எப்படி மீட்பது என்று கண்டுபிடிக்கத் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். 24 வாரம் வழக்கத்தில் பாதிச் சாப்பாடு. என்ன ஆயிற்று? பக்தியும் இலட்சியமும் உள்ள அந்த ஆண்கள் சமையல் புத்தகம் படிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். எப்போதும் சாப்பாட்டுப் பேச்சு, சாப்பாட்டுக் கனவு. சோதனை முடிந்து நிறையச் சோறு கிடைத்தபிறகும் சிலர் வயிறு வெடிக்கச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்றார்கள். நாட்டையே எதிர்த்து நின்று விசுவாசத்தைக் காத்தவர்கள் அவர்கள். இச்சையடக்கத்தில் நம்மைவிட ஒரு படி மேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டினி போட்டால் உடம்பு அப்படித்தான் திருப்பிக் கேட்கும். கல்கல் டின்னைத் தேடுவது உங்கள் உடம்பு தன் வேலையைச் செய்வது.

அந்த வசனங்கள்

குழுத் தலைவி சனிக்கிழமைதோறும் அனுப்பும் வசனம் நீதிமொழிகள் 23:2: “நீ போஜனபிரியனாயிருந்தால், உன் தொண்டையிலே கத்தியை வை.” சாப்பாட்டோடு போராடும் பெண்ணுக்கு இதைத் தனியாக வெட்டி அனுப்புவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. முந்தின வசனத்தையும் பிந்தினதையும் சேர்த்துப் படியுங்கள். ஓர் அதிபதியோடு பந்தியில் உட்காரும்போது ஜாக்கிரதை, அவன் பதார்த்தம் ‘கள்ளப்போஜனம்’ என்று எச்சரிக்கிற இடம் அது. பெரிய மனுஷன் விருந்து வைத்து ஆளை வளைத்துவிடுவான் என்கிற உலக அனுபவம். உங்கள் இடுப்பளவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

“உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்” என்பதும் அப்படித்தான். 1 கொரிந்தியர் 6இல் பவுல் பேசிக்கொண்டிருப்பது வேசித்தனத்தைப் பற்றி. சரி, உடம்பைப் பேணவும் அந்த வசனத்தை எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. அப்படியானால் ஆலயத்தை ஐந்து மாதம் பட்டினி போட்டதை என்னவென்று சொல்வது?

வேதாகமத் தீர்க்கதரிசியின் பெயரில் தானியேல் உபவாசம் என்று உங்கள் குழுவில் ஓடியதே, அதுதான் வேடிக்கை. 1957இலேயே அமெரிக்காவில் ஒரு போதகர் ஜெபத்தால் எடை குறைப்பது பற்றிப் புத்தகம் போட்டார். 2011இல் கலிபோர்னியாவின் ஒரு பெரிய சபை தானியேல் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. இந்தச் சரக்கு அப்படி உலகம் சுற்றி நம் சபைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் தானியேல் 1:15 என்ன சொல்கிறது? பருப்பும் மரக்கறியும் சாப்பிட்ட பத்தாம் நாளில் தானியேலுக்கும் அவர் தோழர்களுக்கும் “முகம் களையுள்ளதாயும், சரீரம் புஷ்டியுள்ளதாயும் காணப்பட்டது.” புஷ்டி! உங்கள் சனிக்கிழமைக் குழுவில் தானியேல் இருந்திருந்தால் அவருக்காக எல்லோரும் ஜெபம் ஏறெடுத்திருப்பார்கள்.

“அவர்களுடைய தேவன் வயிறு” என்ற பிலிப்பியர் வசனத்தை உங்களுக்கே எதிராக எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க வயிற்றையே நினைக்க வைப்பது விருந்து மட்டும்தானா? எப்போது சாப்பிடலாம், எத்தனை மணி நேரம் ஆயிற்று, கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்று விழித்தது முதல் கணக்குப் பார்க்கவைக்கும் டயட்டும் அதே பீடத்தில்தான் உட்காருகிறது. ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி ஜான் காசியன், மிதமிஞ்சிய உபவாசமும் பெருந்தீனியும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று பாலைவனத் துறவிகளிடம் கேட்டு எழுதிவைத்தார். அவர்கள் பெருந்தீனியை லேசாக எடுத்துக்கொண்டவர்கள் அல்ல. தீய சிந்தனைகளின் பட்டியலில் அதைத்தான் முதலில் வைத்தார்கள். அவர்களே இப்படிச் சொன்னார்கள்.

உபவாசமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களைக் கைக்கொள்கிறவள்தான். ஏசாயா 58இல் கர்த்தர் கேட்கும் உபவாசம், பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது. மத்தேயு 6இல், உபவாசிப்பது மனுஷருக்குத் தெரியாதபடி தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொள் என்கிறார் இயேசு. உங்கள் சவாலில் மிச்சமான சாப்பாடு யாருக்கும் போகவில்லை; எடை மட்டும் ஊருக்கே போயிற்று. ஒன்று கேட்டுப் பாருங்கள்: ‘எடை ஒரு கிராம்கூடக் குறையாது’ என்று தெரிந்தால் இந்த உபவாசத்தை இருந்திருப்பேனா? பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

தாத்தா ஊர்ப் பக்கம் எப்போதாவது சபை விருந்தான அசனத்துக்குப் போயிருக்கிறீர்களா? கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களில் பண்டிகையன்று ராத்திரியே பெரிய வார்ப்புகளை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். விடியும்போது தெருவெல்லாம் கறி மசாலா வாசனை. வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். ஜெபம் முடிந்ததும் வாத்தியாரும் விவசாயியும் கைம்பெண்ணும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். பரிமாறுகிறவர் இலையைப் பார்ப்பாரே தவிர, ஆளின் பருமனைப் பார்க்கமாட்டார். “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” அவ்வளவுதான் கேள்வி. நம் சபைகளுக்கு உணவைப் பற்றி ஒரு இறையியல் இருக்கிறது என்றால், அது அந்த ஓலைப்பாயில்தான் இருக்கிறது என்பேன்.

திருவிருந்துக்கு வருகிறேன். “அபாத்திரமாய்” புசிக்கக்கூடாது என்று 1 கொரிந்தியர் 11இல் பவுல் கண்டிப்பது, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்த கொடுமையை. அந்தப் படத்தில் நீங்கள் பசியோடு உட்கார்ந்திருப்பவர். யோவான் 21ஐயும் படியுங்கள். மூன்று முறை மறுதலித்த பேதுருவைக் கரையில் சந்தித்த இயேசு, கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்கிறார். கேள்வி கேட்டதெல்லாம் சாப்பிட்டு முடித்தபிறகு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து போய் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் உங்கள் ஆயரிடம் கேளுங்கள், குழுத் தலைவியிடம் வேண்டாம்.

சர்க்கரை பயம்

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எடை குறைப்பது அவசியம்தானே என்கிறீர்கள். இந்தப் பயம் நியாயமானது. இதைத் தட்டிவிட மாட்டேன். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பெற்றோருக்கு இருந்தால் நமக்கும் வாய்ப்பு கூடும். அதனால் ரத்தப் பரிசோதனையோடு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். நடங்கள், தூங்குங்கள். ஆனால் பகலில் பட்டினியும் ராத்திரியில் ஒரேயடியாகச் சாப்பிடுவதும் சர்க்கரைக்கு நல்லது என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார்.

குழுவில் பி.எம்.ஐ. அட்டவணை (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) போட்டார்களாம். அந்தக் கணக்கை 1830களில் போட்டவர் கெட்டலே என்ற பெல்ஜியப் புள்ளியியல் அறிஞர். மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியப் போட்டது. அதற்கு 1972இல் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தவர் மேலே சொன்ன அதே கீஸ். டாக்டருக்கு அது ஒரு குறிப்பு. உங்கள் பரிசுத்தத்தை அளக்கும் கோல் அல்ல.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் ‘தரமாட்டேன்’ என்பதுதான். டயட்டுக்குப் பதில் ஒரு நேர அட்டவணை தருகிறேன். இந்தப் பிரச்சினைக்கான பேச்சு சிகிச்சையில் முதல் படியே இதுதான்: மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி, நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. எட்டு மணிக்கு இட்லியோ தோசையோ. பதினொன்றுக்கு ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை. ஒன்றரைக்குள் சோறு, குழம்பு, காய். ஐந்துக்குக் காப்பியோடு பன்னோ சுண்டலோ. எட்டரைக்கு வீட்டோடு உட்கார்ந்து சாப்பாடு. ராத்திரி சாப்பிட்டு வாந்தி எடுத்துவிட்டாலும், மறுநாள் காலை இட்லியைத் தவிர்க்காதீர்கள். கடினமான விதி அது ஒன்றுதான். முதல் சில வாரம் வயிறு ஊதினதுபோல இருக்கும். எடை கொஞ்சம் ஏறலாம், ஏறாமலும் போகலாம். என்னால் உறுதி சொல்ல முடியாது. எடைக் கருவியைப் பரண்மேல் போடுங்கள். இந்த லெந்துக்கு அதுவே உங்கள் உபவாசமாக இருக்கட்டும். சாப்பாட்டு உபவாசம் இந்த வருடம் உங்களுக்குக் கிடையாது. நோயாளி உபவாசம் இருக்க வேண்டியதில்லை.

யாரிடம் சொல்வது

முதலில் அம்மாவிடம். ஒரே வீட்டில் இருப்பவர், ராத்திரித் துணைக்கு அவர்தான் வேண்டும். “மனநல டாக்டரைப் பார்த்தால் ரெக்கார்டு ஆகிவிடும், கல்யாணம் நின்றுவிடும்” என்று அம்மா பயப்படுவார் என்கிறீர்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. ஆபீஸுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ யாரும் போன் போட்டுச் சொல்லமாட்டார்கள். உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் வெளிநோயாளியாகப் போய்ப் பேசும் கட்டணத்தைப் பல பாலிசிகள் தருவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, அரசு மனநல மருத்துவ நிறுவனம். இன்று ராத்திரியே யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி-மானஸ், எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்லுங்கள், ஆனால் டாக்டரைப் பார்த்தபிறகு. பாவ அறிக்கைபோல அழுதுகொண்டு சொல்ல வேண்டாம். “எனக்குச் சாப்பாடு சம்பந்தமா ஒரு உடல்நலப் பிரச்சினை இருக்கு, டாக்டரைப் பார்க்கிறேன், சிகிச்சை ஆரம்பிச்சிருக்கு” என்றால் போதும். நல்ல மனுஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எப்படிக் கேட்கிறார் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது. மறைத்தால், ஒரே அறையில் இரண்டு பேர் வாழும்போது குழாயைத் திறந்துவிடுவது ரொம்ப நாள் உதவாது. அத்தையிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அவர் திரும்பவும் உடம்பைப் பற்றிப் பேசினால், பதில் சொல்வது அந்தப் பையனின் வேலை. கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். பரிசோதனை முடிவுகள் வரட்டும், டாக்டரிடமே கேட்போம்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்றைக்கே வெளியே வாருங்கள். லெந்தில் இரண்டாவது சுற்று ஆரம்பிக்கிறது என்கிறீர்கள். “டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க அக்கா” என்ற ஒரு வரி போதும், விளக்கம் தேவையில்லை. தைரியம் வந்தபிறகு, எடை போடும் பழக்கத்தையாவது நிறுத்தச் சொல்லி ஆயர் வழியாகச் சொல்லிப் பாருங்கள். அந்தக் குழுவில் ராத்திரி பிரிட்ஜ் வெளிச்சத்தில் நிற்பவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்புறம் அந்த பிளவுஸ். நல்ல தையல்காரர்கள் பக்கத் தையலில் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார்கள். கொண்டுபோய்க் கொடுத்து, இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு அளவெடுத்துப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். அளவை அவர் தன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள்.